முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்தவள்

பதினெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவளுக்கு ஒரே ஒரு பயம்தான் பழகியிருந்தது. எட்டு இருபதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் இருபத்திரண்டு பிள்ளைகளும் வெளியே நிற்கும், அத்தனை வீட்டிலிருந்தும் போன் வரும். அதனால் எட்டேகாலுக்கு முன்பே அவள் வேன் உள்ளே நுழைந்துவிடும். அத்தனை வருடத்தில் சாத்திய கேட்டை அவள் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் டயர் வெடித்த நாட்கள்.

பள்ளிக்கூடம் வேன்களைக் குத்தகைக்காரரிடம் விட்டது. அவர் தன் ஆட்களோடு வந்தார். நாற்பத்திரண்டு வயதில் அவள் பஸ் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். "இந்த வயசுல அவ்வளவு பெரிய வண்டியா?" என்று கேட்டவர்களுக்கு, தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் பதில் சொன்னார்: "வண்டிதான் பெருசு. ஸ்டியரிங் எல்லாத்துக்கும் வட்டமாத்தான் இருக்கும்."

ஆறு வாரம் வகுப்பு நடந்தது. சிவப்பு அட்டை போட்ட விதிப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். வகுப்பெடுத்தவர் கடைசி நாளில் சொன்னார், "டிரிப் ஷீட்டுல நடந்தத எழுதுங்க. நடக்காதத எழுதாதீங்க. மத்ததெல்லாம் வண்டியே சொல்லிக் குடுக்கும்." அவள் அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் தற்காலிகம்; அதில் குறை இல்லையென்றால் நிரந்தரம்.

அவளுக்குக் கிடைத்த வழித்தடம் டிப்போவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை. இருபத்து மூன்று நிறுத்தங்கள். ஓட்ட நேரம் நாற்பத்தாறு நிமிடம். ஆஸ்பத்திரி முனையில் நேரம் குறிக்க ஆள் கிடையாது. டிரைவர் டிரிப் ஷீட்டில் தானே எழுதி, கண்டக்டர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்தான் ஆபீசுக்குப் போகும். முதல் இரண்டு வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளி நாட்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று வந்தது. மூன்றாம் வாரம் பயிற்சியாளர் இறங்கிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துப் பள்ளி விடுமுறையும் தொடங்கியது.

சாலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாதி நிறுத்தங்களில் ஆளே இல்லை. அவள் நிறுத்தாமல் ஓட்டினாள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் அவளுடைய கண்டக்டர். பின்னால் இருந்து ஒரு தடவை குரல் கொடுத்தார்.

"மெதுவாவே போலாம்மா. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போவாது."

"ரோடு காலியாத்தானேண்ணே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் டிக்கெட் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

கடைசி நிறுத்தத்துக்கு முந்தினதில் கிட்டத்தட்ட எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அதைத் தாண்டி உயரமான தண்ணீர்த்தொட்டி ஒன்று, அதன் பின்னால் ஒரு பெட்ரோல் பங்க். தொட்டியின் நிழலில் அதே வழித்தடத்து பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கையை ஆட்டிவிட்டுக் கடந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது முப்பத்தெட்டு நிமிடம். முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள். கண்டக்டர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பேனாவை உதறினார், கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் ஏழு தடவை முப்பத்தெட்டு, நான்கு தடவை முப்பத்தொன்பது.

வீட்டில் பெருமையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருக்கும் நாத்தனார் அவர்களோடுதான் இருந்தாள். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள், "மத்தவங்க எவ்வளவுல வர்றாங்க அண்ணி?"

"நாப்பத்தாறு."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப நீங்க எதையோ விட்டுட்டீங்க," என்றாள் நாத்தனார். "நான் வார்டுல சேந்த புதுசுல இருபது கட்டிலையும் எட்டு மணிக்குள்ள விரிச்சு முடிச்சேன். சூப்பர்வைசர் கைதட்டுனாங்க. மறுநாள்லேர்ந்து பக்கத்து வார்டும் என் தலையில. கூட இருந்தவ ஒரு மாசம் என்கூடப் பேசல."

"வேலைய வேகமா செய்யறது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நான் நடந்ததச் சொன்னேன்."

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, டிப்போவின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடைமுறையில் முப்பத்தெட்டு நிமிடமே போதுமானதாகக் காணப்படுவதால், ஆஸ்பத்திரி வழித்தடத்தின் ஓட்ட நேரம் நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்றாகக் குறைக்கப்படுகிறது. இன்று முதல்.

ஓய்வறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அந்த வழித்தடத்தில் பத்தொன்பது வருடம் ஓட்டியவரை மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மீசையை எடுத்தே எட்டு வருடம் ஆகிறது. அவர் எழுந்து, தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் மேல் பையை வைத்தார்.

"வாங்க முப்பத்தெட்டு," என்றார். "உக்கார நேரம் இருக்காதே உங்களுக்கு. பறந்துகிட்டே இருக்கறவங்க."

"ராக்கெட்டுக்கு டிரைவர் வேணுமாம். பேப்பர்ல பாத்தேன்," என்றார் இன்னொருவர்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. கேலி செய்பவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரித்துச் சமாளிக்கலாம்.

அன்று முதல் அவள் பெயர் முப்பத்தெட்டு. அவளுடைய வண்டிச் சாவி கொக்கியில் இருக்காது. தேடி எடுக்க வேண்டும். அவள் எதிரில் வந்தால் விளக்கைச் சிமிட்டி வணக்கம் சொல்லும் வண்டிகள் சிமிட்டாமல் போயின. இதையெல்லாம் விட மோசம் அவள் கண்ணால் பார்த்தது. பள்ளி திறந்துவிட்டது. நாற்பத்தொன்றுக்குள் போய்ச் சேர யாராலும் முடியவில்லை. ஒருவர் கதவு மூடுவதற்குள் வண்டியை எடுத்தார். இன்னொருவர் நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்த, கைத்தடி ஊன்றிய பெண்மணி ஒருவர் ஓடப் பார்த்தார். தாமதக் குறிப்பு எல்லோர் பெயரிலும் விழுந்தது. மூன்று குறிப்புக்கு ஒரு விளக்கக் கடிதம்.

நான்காம் நாள், அவள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் வண்டியை ஓரம் கட்டினாள். பயணிகள் யாரும் இல்லை.

"இங்க ஏண்ணே எல்லாரும் நின்னாங்க? இப்பவாவது சொல்லுங்க."

கண்டக்டர் பங்க் பக்கம் கையைக் காட்டினார். "அங்க ஒரு கக்கூஸ் இருக்கு. பங்க்காரர் நல்லவர், சாவி குடுப்பாரு. ஆஸ்பத்திரி முனையில நமக்குன்னு ஒண்ணும் கிடையாது. அங்க வண்டியத் திருப்பி எடுக்கக் குடுக்கறதே நாலு நிமிஷந்தான். ஒரு ஆளு காலைலேர்ந்து நாலு டிரிப்பு அடிக்கணும்னா எங்கயாவது இறங்கணும்ல?"

அவள் பங்க்கின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"மழை நாள்ல, ஸ்கூல் நாள்ல இந்த எட்டு நிமிஷம் வழியிலயே போயிடும். யாரும் நிக்க மாட்டாங்க. ரோடு காலியா இருந்தா இங்க நின்னு, முகம் கழுவி, நாப்பத்தாறுக்கு உள்ள போவோம். முப்பது வருஷப் பழக்கம்."

"இத யாரும் எங்கிட்ட சொல்லலியே."

"எப்படிச் சொல்றது? பயிற்சியாளர் பக்கத்துல இருக்கும்போது யாரும் இங்க நிக்க மாட்டாங்க. அவரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாரு. அதுக்கப்புறம் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். நீங்க கைய ஆட்டிட்டுப் போயிட்டீங்க."

"நீங்க சொல்லியிருக்கலாம்ணே."

"மெதுவா போலாம்னு சொன்னேன்ல?" என்றார் கண்டக்டர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கணும்தான்" என்றார்.

அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்காமல் இந்த டிப்போவில் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. கண்டக்டர் ஒரு வழி சொன்னார்: இனிமேல் எத்தனை நிமிடம் ஆனாலும் ஐம்பது என்று எழுதிவிடுவது.

"மாட்டேண்ணே. முப்பத்தெட்டும் நெஜமாத்தான் எழுதுனேன். இனிமேலயும் நெஜத்தத்தான் எழுதுவேன்."

"அப்ப நெஜமா ஐம்பதுல ஓட்டுங்க," என்றார் அவர், வேடிக்கையாக.

அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிவப்புப் புத்தகத்தைப் பிரித்தாள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். வயதானவர்கள் உட்கார்ந்த பிறகே நகர்த்த வேண்டும். பள்ளி வாசலில் வேகம் இருபதுக்கு மேல் கூடாது. படிக்கப் படிக்க முகம் சூடாகியது. விடுமுறை வாரத்தில் அவள் எத்தனை நிறுத்தங்களை நிறுத்தாமல் கடந்தாள் என்று விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று.

மறுநாளிலிருந்து புத்தகம் ஓட்டியது, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு நிமிடம். ஐம்பத்தொன்று. மழை நாளில் ஐம்பத்தாறு. ஆளில்லாத நிறுத்தத்தில் நின்று, கதவைத் திறந்து, மூடி, எடுத்தாள்.

"யாருக்கும்மா கதவு திறக்கறீங்க? காத்துக்கா?" என்றார் ஒரு பயணி.

"காத்துக்கு டிக்கெட் கேட்டேன், பாஸ் வச்சிருக்காம்," என்றார் கண்டக்டர்.

"டிரைவரம்மா, நாங்க வேணா இறங்கித் தள்ளட்டுமா?"

"தள்ளுங்க. ஆனா இருபதுக்கு மேல தள்ளாதீங்க, ஸ்கூல் வருது," என்றாள் அவள், திரும்பாமல்.

இரண்டு வாரத்தில் பதினான்கு தாமதக் குறிப்புகள். டிப்போவிலேயே அதிகம். பதினைந்தாம் நாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார்.

அவர் மேசையில் அவளுடைய டிரிப் ஷீட்டுகள் இரண்டு கட்டுகளாக இருந்தன. ஒன்று விடுமுறை வாரத்தின் கட்டு, இன்னொன்று இப்போதையது.

"ரெண்டும் ஒரே ஆளு எழுதுனதா?"

"ஆமா சார்."

"முப்பத்தெட்டுல ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஐம்பத்தாறு ஏன்? வேணும்னே பண்றீங்களா?"

அவள் சிவப்புப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல இருக்கறபடி ஓட்டுனா அவ்வளவு ஆகுது சார். எங்க மிச்சம் புடிக்கலாம்னு நீங்க காட்டுங்க, புடிக்கறேன்."

மேனேஜர் புத்தகத்தைத் தொடவில்லை. "மத்தவங்க நாப்பத்தி நாலு, நாப்பத்தஞ்சுலயாவது வர்றாங்களே?"

"எனக்கு என் வண்டி மட்டுந்தான் தெரியும் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் மாறியிருந்தது. "தண்ணித்தொட்டி தெரியுமா?"

அவள் திடுக்கிட்டாள். "தெரியும் சார். இப்பத்தான் தெரியும்."

"நான் அந்த ரூட்டுல ஒன்பது வருஷம் ஓட்டுனவன். அதே பங்க்ல அதே சாவிதான்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சார் குறைச்சீங்க?"

"நான் எங்க குறைச்சேன்? தலைமை ஆபீசுல மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாள் கேப்பாங்க. உங்க தாள் போச்சு. பதினோரு டிரிப்பு முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது. அவங்க கூட்டிக் கழிச்சு நாப்பத்தொண்ணு குடுத்தாங்க. தண்ணித்தொட்டின்னு நான் எழுத முடியுமா? எழுதுனா, அங்க நிக்கக் கூடாதுன்னு அடுத்த தாள் வரும். எனக்குக் காதுல கேக்கும், கண்ணுல தெரியும், கையில எழுத வராது. தாளுக்குத் தாள்தான் பதில் சொல்லணும்."

அவள் இரண்டு கட்டுகளையும் பார்த்தாள். பிறகு விடுமுறைக் கட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தத் தாள் தப்பு சார்."

"பொய்யா எழுதுனீங்களா?"

"நேரம் நெஜம். ஓட்டம் தப்பு. பதினோரு ஸ்டாப்ல நிறுத்தல. அத எழுத இதுல இடம் இல்ல."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "அத எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுத்தா நேரம் திரும்ப வருமா?"

"அந்த முப்பத்தெட்டு செல்லாதுன்னு நான் மேல எழுதலாம். அளந்து பாக்க ஆள் அனுப்புங்கன்னு கேக்கலாம். வரும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஸ்டாப்ல நிறுத்தாம போனது குத்தம். நீங்க தற்காலிகம். அந்தக் கடிதம் உங்க ஃபைல்ல உக்காரும். நல்லா யோசிச்சுட்டு வாங்க."

அன்று வீட்டில் மூன்று பேரும் யோசித்தார்கள். கணவர் சொன்னார், "ஆறு மாசம் முடிய மூணு மாசந்தான் இருக்கு. வாய மூடிக்கிட்டு ஓட்டிட்டா நிரந்தரம்."

"மூணு மாசத்துக்கப்புறம் இன்னும் பதினாறு வருஷம் இருக்கே. அதே ரூம்ல, அதே ஆளுங்களோட."

"பேசாட்டிப் போறாங்க. சம்பந்தமா பண்ணப் போறோம்?"

"அவங்க பேசாதது இல்லைங்க. கைத்தடியோட ஒரு அம்மா பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடப் பாத்தாங்க. விழுந்திருந்தா அது என் கையெழுத்துதான்."

நாத்தனார் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "எழுதுங்க அண்ணி. 'நிறுத்தவில்லை'ன்னு நேரா எழுதுங்க. 'நிறுத்த இயலாமல் போனது'ன்னு எழுதாதீங்க. அப்படி எழுதுனா திருப்பி அனுப்புவாங்க. எங்க ஆபீசுல நான் மூணு தடவை வாங்கியிருக்கேன்."

ஆறு வரியில் கடிதம் முடிந்தது. எந்தெந்தத் தேதி, எந்தெந்த நிறுத்தம் என்று பதினொன்றையும் வரிசையாக எழுதினாள். ஒன்றில் சந்தேகம் இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டாள். காலையில் மேனேஜர் படித்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றார். பாராட்டா பரிதாபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் புத்தகப்படியே ஓட்டினாள். கடிதம் கொடுத்த செய்தி எப்படியோ ஓய்வறைக்குப் போயிருந்தது. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. ஒருநாள் மீசை, யாரையோ பார்த்துச் சொல்கிற மாதிரிச் சுவரைப் பார்த்துச் சொன்னார், "தன் தலையில தானே கல்லப் போட்டுக்கிட்டவங்கள இந்த டிப்போவுல இப்பத்தான் பாக்கறேன்."

"வேற யார் தலையாவது காலியா இருந்தாச் சொல்லுங்கண்ணே, அடுத்த கல்ல அங்க போடறேன்," என்றாள் அவள்.

மூலையில் ஒருவர் இருமினார். சிரிப்பை விழுங்கிய இருமல்.

பிறகு கையில் அட்டையும் கடிகாரமுமாகத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்று நாள், மூன்று டிரைவர்களோடு உட்கார்ந்து போனாள். அதில் ஒருவர் மீசை. அவருக்கு ஆளில்லாத நிறுத்தத்தில் கதவைத் திறந்து மூடத் தெரியவில்லை என்றும், அந்த முப்பத்தெட்டு இதை எப்படிச் செய்வாள் என்று, அன்று தன்னோடு வந்த அவளுடைய கண்டக்டரிடம் இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டார் என்றும் பிறகு தெரிந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது. கடைசி நாள் அந்தப் பெண்ணே ஆஸ்பத்திரி முனையில் இறங்கி, "இங்க ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். கண்டக்டர் மிகுந்த மரியாதையோடு, "மேடம், ஒண்ணரை கிலோமீட்டர் பின்னாடி" என்றார்.

அடுத்த வாரம் பலகையில் புதுத் தாள். ஓட்ட நேரம் நாற்பத்தைந்து நிமிடம்.

"ஒரு நிமிஷத்த முழுங்கிட்டாங்க பாத்தியா," என்று ஓய்வறை முழுக்கப் புலம்பியது. நான்கு நிமிடம் திரும்பி வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அன்று அவள் சாவி கொக்கியில் இருந்தது.

அதே நாள் மேனேஜர் அவளிடம் ஒரு உறையைக் கொடுத்தார். நிறுத்தங்களில் நிறுத்தாமல் சென்றதைத் தானே ஒப்புக்கொண்டதால், தற்காலிகக் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"வேலைய விட்டு எடுக்கலாம்னுதான் முதல்ல எழுதியிருந்தாங்க," என்றார் மேனேஜர். "வேற ரூட் வேணுமா? மார்க்கெட் ரூட்டுல ஒரு இடம் இருக்கு. அங்க உங்கள யாருக்கும் தெரியாது."

"வேண்டாம் சார். இந்த ரூட்டத்தான் கத்துக்கிட்டிருக்கேன். இதையே முடிக்கறேன்."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். பதினொன்று பத்துக்கு அவளுக்கு டிரிப்பு.

சாலையில் கூட்டம் குறைவு. இருபத்து மூன்று நிறுத்தத்திலும் நிறுத்தினாள். அதற்குள் அதிலும் ஒரு கை பழகியிருந்தது, கதவு திறந்து மூட நான்கு நொடிதான். தண்ணீர்த்தொட்டியை நெருங்கும்போது முப்பத்தொன்பது நிமிடம். நிழலில் மூன்று வண்டிகள் நின்றன. கடைசியில் இருந்த வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டது. அவள் பின்னால் சேர்த்து நிறுத்தினாள்.

பங்க்கின் பின்பக்கம் மீசை சாவியோடு நின்றார். அவருக்கு முன்னால் இன்னொரு டிரைவர் உள்ளே போயிருந்தார்.

"எவ்வளவு தந்தாங்க?" என்று கேட்டார் மீசை, உறையைப் பற்றி.

"மூணு மாசம்ணே."

"ம்." அவர் சாவியை மறு கைக்கு மாற்றினார். "எனக்கு ஆரம்பத்துல ஒரு வருஷம் நீட்டுனாங்க. மேனேஜர் கார்ல இடிச்சுட்டேன்."

"எந்த மேனேஜர்?"

"இவருதான். அப்ப அவரு டிரைவர். சொந்தக் கார்."

அவள் சிரித்துவிட்டாள். வயிற்றை அழுத்திக்கொண்டே, "அண்ணே, அவசரம். நான் முதல்ல போயிட்டு வந்துடட்டுமா?" என்றாள்.

"அதெல்லாம் முடியாது," என்றார் மீசை. "நானும் காலைலேர்ந்து புடிச்சுட்டு நிக்கறேன். வரிசையில வாங்க."

அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.